பின்விளக்குச் சாட்சி

மகள் ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்விக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். அப்பா கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தார். உயிரோடு இருந்தவரை அவர் இந்த டிரெய்லருக்கு அடியில் படுத்த நேரம்தான் அதிகம். கட்டிலுக்கு அவர் விருந்தாளி.

"என்னை என் படகுல ஏத்தித்தான் கொண்டுபோகணும்" என்று ஆஸ்பத்திரியில் மகளிடம் சொல்லியிருந்தார். அவளிடம் அவர் கேட்டது அது ஒன்றைத்தான். படகு தயாராக இருந்தது. அதைச் சுமக்கும் டிரெய்லரின் பின்விளக்குகள்தான் வழக்கம்போல மக்கர் செய்தன.

டிரெய்லரை இழுக்கும் ஜீப்புக்குச் சொந்தக்காரரான மாமா கறாராகச் சொல்லிவிட்டார். "மழை இருட்டிக்கிட்டு வருது. பின்னால விளக்கு இல்லாம நான் ரோட்ல ஏற மாட்டேன். மச்சானோட சேர்ந்து போலீஸ்காரன் முன்னால கைகட்டி நின்னதெல்லாம் போதும். எரியலன்னா சவ வண்டிக்குப் போன் போட்டுருவேன்."

டிரெய்லருக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். கல்யாணமானதிலிருந்து அது அவளுடைய இடம். அப்பா அடியிலிருந்து கேட்பார், அவள் பார்த்துச் சொல்வாள்.

"மாமா, பிரேக்கை மிதிங்க!" மகள் கத்தினாள். "அம்மா, எரியுதா?"

"எரியுது."

"அக்கா, நான் இன்னும் வண்டியிலயே ஏறலையே!" என்றார் மாமா. வாசற்படியில் டீ கிளாஸோடு நின்றிருந்தார்.

மகள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். அம்மா மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அப்பாகிட்டயும் இப்படித்தான் சொல்லுவியா?"

"வேற என்னடி பண்றது? எரியலன்னு சொன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் உள்ளயே கெடப்பாரு. சாப்பாடு ஆறிப்போகும். எரியுதுன்னா உடனே கை கழுவிட்டு வந்துருவாரு."

பாவம் அப்பா. பல்பை மாற்றினார், ஃபியூஸை மாற்றினார், பிளக்கை மூன்று தடவை மாற்றினார். வீட்டில் எரிகிற விளக்கு ரோட்டில் ஏறியதும் ஏன் அணைகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார். உப்புக் காற்று, மாமாவின் ஜீப், படகு விற்றவனின் கெட்ட எண்ணம் என்று எல்லாரையும் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். பின்னால் நின்ற சாட்சியை மட்டும் கடைசிவரை சந்தேகப்படவில்லை.

மறுபடி உள்ளே நகர்ந்த மகள் சிரித்த சிரிப்பில் சக்கர அச்சில் தலை இடித்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்குவதை ஜன்னல் வழியே பார்த்த சித்தி, பிள்ளை அழுகிறதென்று தானும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

கோளாறு எர்த் வயரில்தான் இருந்தது. அதை டிரெய்லரின் இரும்புச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட் துருவேறியிருந்தது; அதன்மேல் அப்பாவே ஆசையாகப் பெயின்ட்டும் அடித்திருந்தார். அப்புறம் கரண்ட் எப்படிப் போகும்? மகள் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கினாள்.

பெட்டியைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். மாமா இந்தத் தடவை நிஜமாகவே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"மிதிக்கிறேன்! அக்கா, நல்லாப் பார்த்துச் சொல்லு. எரியுதா?"

இரண்டு விளக்கும் செக்கச்செவேலென்று எரிந்தன. அம்மாவின் முகத்திலும் புடவையிலும் அந்தச் சிவப்பு விழுந்தது. அவள் வலது விளக்கைப் பார்த்தாள், இடது விளக்கைப் பார்த்தாள். பிறகு படகில் இருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எரியலடா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லு."

மாமா திரும்பி மகளைப் பார்த்தார். அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடியும் டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.