குடித்த இடத்தில் சொன்னது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பீர்க்கடையில்தான். டோக்கியோவில் ரயில் அட்டவணை வரைகிறவர்களுக்குப் பக்கத்து மேசையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் இன்னும் எங்கள் மாடிக்கு வரவில்லை. நாள் முழுக்க ஒவ்வொரு நிமிடத்தையும் நான்காகக் கிழித்துப் அவர்கள் பென்சிலால் கோடு போடுவதைப் பார்த்த மூளைக்கு, மாலை ஆறரைக்கு முதல் மிடறு இறங்கும்போது… [முடிக்கத் தெரியவில்லை. குடித்தவர்களுக்குப் புரியும், மற்றவர்கள் மன்னிக்கவும்.]

2

"சயோகோ அன்று தோற்றுப்போய் வந்தாள்." எழுதிய இந்த வரியை அடித்துவிட்டேன். அட்டவணை வரைகிறவர்களில் இளையவளான அவள் தோற்கவில்லை, பயந்திருந்தாள். நாளை அச்சுக்குப் போகும் அட்டவணையில் தலைமை வரைவாளர் நிஷிமோரியின் கோடு ஒன்று தப்பு; ஒரு கோடு என்றால் ஓடுகிற ஒரு வண்டி. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வருகின்றன. சிக்னல் நிறுத்திவிடும், ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் அன்றைய அட்டவணை குட்டிச்சுவர். முப்பது வருடம் தப்பே போடாத மனிதரிடம் ஆபீசில் வைத்து இதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

குடிக்கிற இடத்தில் சொல்லலாம். அங்கே பெரியவர் சின்னவர் கிடையாது. பேசியதை விடிந்ததும் மறந்துவிட வேண்டும். என்ன பெரிய மனசு இந்த வழக்கத்துக்கு! சிக்கலும் அதுதான். அவர் மறந்தால் கோடு அப்படியே அச்சேறும்.

3

நிஷிமோரியை முதலில் சிடுமூஞ்சியாக எழுதினேன். ஒட்டவில்லை. [இங்கே தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. அடுத்தவர் கிளாஸ் காலியாவதை முதலில் பார்க்கிறவர் அவர். எப்படி வில்லனாக்குவது?]

"என்னம்மா, கோழியத் தொடவே இல்ல?" என்றார், அன்று மாலை பீர்க்கடையில்.

"சார்… ஒண்ணு சொல்லணும்."

"வேலைப் பேச்சா? அப்ப ரெண்டு மிடறு குடிச்சிட்டுச் சொல்லு."

குடித்தாள். "ஏழு நாப்பத்திரண்டு. மலைப்பாதையில ரெண்டு வண்டி முட்டுது சார்."

அவர் கண்ணை மூடினார். காகிதம் எதற்கு, மொத்த வரைபடமும் தலைக்குள் இருக்கிறது.

"எந்தக் கழுத போட்டுச்சு?"

"நீங்கதான் சார்."

மேசை அதிரச் சிரித்தார். அவளுக்கு ஊற்றினார். கிளாஸ் நிரம்பியதைப் பார்க்கவில்லை, நுரை மேசையில் வழிந்தது.

4

முடிவு ஒன்று: மறுநாள் அவர் எல்லாவற்றையும் மறந்து… [பீர்மேல் பழி வருகிறது. கிழித்தேன்.]

முடிவு இரண்டு: காலை எட்டரை. "நேத்து என்ன பேசினோம்? எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல," என்றார், விறைப்பான ஆபீஸ் குரலில். அவர் வரைபடத்தை அவள் மேசையில் விரித்தார். தன் ரப்பரை அதன்மேல் வைத்தார்.

"கண்ணு சரியில்லம்மா. ஒரு தடவ பாத்துடு."

போய்விட்டார். முப்பது வருடத்தில் அவர் கோட்டை யாரும் அழித்ததில்லை. அவள் ரப்பரைக் கையில் எடுத்துவிட்டாள். அச்சகத்து ஆள் வாசலில் நிற்கிறான். எனக்கு இதற்குமேல் ஓடவில்லை. நீங்களே சொல்லுங்கள்: அழிப்பதா, கும்பிட்டுவிட்டு அழிப்பதா?