இரண்டாவது தொட்டி

முதல் தொட்டியின் மீட்டர் ஆறு என்று காட்டியது. தொட்டியம்மா அதைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஆறா? நேத்து ரெண்டுதானே? பரவாயில்லையே, நல்லா ஏறியிருக்கு!" என்று அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துப் பூரித்துப் போனார் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். நாளைக் காலை தண்ணீரைச் சோதிக்க அதிகாரி வருகிறார். மனிதருக்கு நாலு நாளாக அதே ஜபம்.

"ஏறக் கூடாது சார். ஏறினா செத்துப் போச்சுன்னு அர்த்தம்."

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் கணக்கு அது. அடியிலிருந்து குழாய்கள் ஓயாமல் காற்றை ஊதும். தொட்டியில் இருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அதை இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு, இருநூறு வீட்டுச் சாக்கடையைத் தின்று தீர்க்கும். இழுக்க ஆள் இருக்கும்வரை மீட்டர் ரெண்டைத் தாண்டாது. ஆறு என்றால் சமைத்து வைத்த சாப்பாடு அப்படியே இருக்கிறது, வீட்டில் சாப்பிட யாருமில்லை.

எட்டு வருஷமாக இந்த அடித்தளத்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் கிடக்கிறாள். அவளுக்குத் தொட்டியம்மா என்று பேர் வைத்ததே இந்தக் கட்டிடத்துக்காரர்கள்தான். அவள் வந்தபோது பின்னாலிருந்த குளம் வெறும் சிமெண்டுக் குழி. இங்கே சுத்தமாகும் தண்ணீர் அங்கே போகப் போக, வெயில் பட்டுப் பாசி பிடித்தது. பாசிக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குத் தவளை வந்தது, யார் கொண்டு விட்டார்களோ மீனும் வந்தது. போன வருஷம் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தபோது அவள் யாரிடமும் சொல்லாமல் அழுதாள்.

முதல் தொட்டியிலிருந்து குளத்துக்குப் போகும் வால்வை ஓடிப் போய் மூடினாள். தொட்டியின் மேல் குனிந்தாள். எப்போதும் வரும் ஈர மண் வாசனை இல்லை. எலுமிச்சை வாசனை. தரை துடைக்கிற கிருமிநாசினி!

அடிப்பாவி! அது யார் கையில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

கூப்பிட்டனுப்பியதும் நாத்தனார் வந்து நின்றாள். புருஷனின் தங்கை, ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவள், இங்கே துப்புரவு மேற்பார்வையாளர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தொட்டியம்மாதான்.

"சாக்கடையில மருந்து எதுவும் ஊத்தினியா?"

நாத்தனாரின் கண் ஒரு கணம் செயலாளர் பக்கம் போய்த் திரும்பியது. "நானா? நான் ஏன் அண்ணி ஊத்தப் போறேன்?"

பொய். ஆறு வருஷமாகக் கூட இருக்கிறவளுக்கு அந்தக் குரல் தெரியாதா? ஆனால் இப்போது சண்டை போட நேரமில்லை. மணி பத்து ஐம்பது. முன்கட்டிடத்துச் சாக்கடைதான் எட்டு மணிக்கே முதல் தொட்டிக்குப் போய் எல்லாவற்றையும் கொன்றுவிட்டது. பின்கட்டிடத்துச் சாக்கடை இன்னும் சேகரிப்புக் குழியில்தான் நிற்கிறது. பதினொரு மணிக்கு மோட்டார் தானாக ஓடி அதை இரண்டாவது தொட்டியில் கொட்டும். அதிலும் மருந்து இருந்தால் அதுவும் போச்சு. இரண்டாவது பிழைத்தால் அதிலிருந்து சேறு எடுத்து முதல் தொட்டியில் விட்டு மறுபடி உயிர் பிடிக்க வைக்கலாம். இரண்டும் போனால் குளத்துக்குச் சாக்கடைதான் போகும்.

"மோட்டாரை நிறுத்தப் போறேன் சார்."

"நிறுத்தினா குழி நிரம்பி கார் நிறுத்துற இடமெல்லாம் நாறிப் போகுமேம்மா! அந்தப் பொண்ணுதான் ஊத்தலைன்னு சொல்லுதே. சும்மா நிறுத்தினீங்கன்னா நாளையிலேர்ந்து வரவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே போனார்.

குழியை மோந்து பார்த்தாள். மூக்கு முழுக்க எலுமிச்சை ஏறியிருந்தது, எதை மோந்தாலும் அதே வாசனை. குழித் தண்ணீரில் கொஞ்சம், இரண்டாவது தொட்டியில் கொஞ்சம் மொண்டுகொண்டு மேஜைக்கு வந்தாள். தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் மாட்டினாள்.

"வா, வந்து பாரு."

"எனக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்..."

"பாருடி!"

நாத்தனார் ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள். ரெண்டு வருஷமாக மூக்கைப் பொத்திக்கொண்டே இந்த அறையைத் தாண்டிப் போனவள்.

"ஐயோ... ஓடுதே! அண்ணி, இது என்ன, காம்பு மேல மணி மாதிரி? தொட்டாச்சிணுங்கியாட்டம் சுருங்குது!"

"இன்னும் பாரு. வாயில சக்கரம் சுத்துறாப்ல ஒண்ணு இருக்கும்."

"ஆமா! ஆமா, இருக்கு! திங்குது அண்ணி! பகாசுரன் மாதிரி திங்குது!" என்று அந்த நிலைமையிலும் சிரித்தேவிட்டாள்.

பத்து ஐம்பத்தெட்டு. தொட்டியம்மா கண்ணாடித் துண்டை வெளியே இழுத்து, குழித் தண்ணீரைச் சொட்டுக் குழாயில் உறிஞ்சினாள். "இப்ப பின்கட்டிடத்துத் தண்ணியை இதுங்க மேல ஒரு சொட்டு விடறேன். மருந்து இல்லேன்னா ஓடிக்கிட்டே இருக்கும். நீயே பாத்துச் சொல்லு."

சொட்டு குழாய் நுனியில் தொங்கியது.

நாத்தனார் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"வேண்டாம் அண்ணி. விடாதீங்க. அங்கயும் ஆறு கேன் ஊத்தினேன்."

தொட்டியம்மா பாய்ந்து மோட்டார் சுவிட்சை அணைத்தபோது கடிகாரத்தில் பதினொன்று அடிக்க ஒரு நிமிஷம்கூட இல்லை. கழிவு லாரிக்குப் போன் போட்டாள். லாரி வர முக்கால் மணி நேரம். அதற்குள் குழி பொங்கி, கருப்புத் தண்ணீர் செயலாளரின் வெள்ளைக் கார் சக்கரத்தைத்தான் முதலில் போய் விசாரித்தது.

"யாரு ஊத்தினது?" என்று ஓடி வந்து கத்தினார் அவர்.

தொட்டியம்மா வாயைத் திறப்பதற்குள், முழங்கால்வரை நனைந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். "நான்தான் சார். தொட்டி நாறுது நாறுதுன்னு நீங்க நேத்து அண்ணியை எல்லார் முன்னாடியும் கேவலமா பேசினீங்க. அதிகாரி வந்தா அவங்க தலை குனியக் கூடாதுன்னு ஊத்தினேன்."

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தொட்டியம்மா எவ்வளவோ மன்றாடியும் செயலாளர் மசியவில்லை. மறுநாள் வந்த அதிகாரி, நடந்ததை நடந்தபடி தொட்டியம்மா எழுதியிருந்த பதிவேட்டைப் படித்துவிட்டுப் பத்து நாள் தவணை கொடுத்துப் போனார். கிருமிநாசினித் தண்ணீரை லாரிகளில் அள்ளி, இரண்டாவது தொட்டிச் சேற்றை முதல் தொட்டியில் விட்டு, காற்றைக் கூட்டிக் குறைத்து, தொட்டியம்மா பழியாய்க் கிடந்தாள். மீட்டர் ஆறிலிருந்து இறங்குவேனா என்றது.

தினமும் சாயங்காலம் அவள் வீடு திரும்பியதும் நாத்தனார் வாசலிலேயே வந்து அவள் சட்டையைப் பிடித்து மோந்து பார்ப்பாள். எலுமிச்சை. உள்ளே போய்விடுவாள். புதுவேலை தேடுவதைப் பற்றிக் கேட்டால், "அது கிடக்கட்டும்" என்பாள்.

ஏழாம் நாளும் மோந்தாள். மறுபடி மோந்தாள்.

"அண்ணி, மண்ணு வாசனை வருது."

"மூணுக்கு வந்திருக்குடி" என்றாள் தொட்டியம்மா. அந்த அழுக்குச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு நாத்தனார் ஓவென்று அழுதாள்.