செவலைக்கு விழுந்த திட்டு

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து என் மாமியார் அன்னத்தாய்க்கும் எனக்கும் சண்டை. ஆனால் இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டு முழுக்க வாங்கியது செவலை. செவலை எங்கள் வீட்டு ஆடு.

எங்கள் பக்கத்தில் இதற்குச் சாடைப் பேச்சு என்று பெயர். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாமல், கோழியிடமோ நாயிடமோ கழுவிக் கவிழ்த்த பானையிடமோ சொல்வது. உரியவர் காதில் விழ வேண்டும், ஆனால் அவர் வாயைத் திறக்க முடியக் கூடாது. திறந்தால், ‘நான் கோழியச் சொன்னேன், உனக்கு எங்க குத்துது?’ என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் இந்தக் கலையில் அத்தையை அடிக்க ஆள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, சாப்பிட்டு, செத்த நேரம் கண்ணயர்ந்தால் போதும். கொல்லையிலிருந்து குரல் வரும்.

“ஏட்டி செவலை, தின்னதும் படுத்துக்கிடுதியே, வெக்கம்னு ஒண்ணு உண்டா உனக்கு? ஒருத்தி பாடுபட்டுக் கொண்டாந்து போடப் போட, அசை போட்டுக்கிட்டே கெடக்க.”

பாடுபடும் அந்த ஒருத்தி அத்தையாம். அசை போடுவது நானாம். செவலை பொட்டை ஆடு வேறு. வீட்டில் இருக்கிற இன்னொரு பொட்டை நான்தானே, வேறு யாரைச் சொல்வாள்? நான் எழுந்து போய்ச் சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். பாத்திரம் வைப்பதும் எங்கள் பக்கத்தில் ஒரு பதில்தான்.

என் புருஷன் அலெக்ஸ் இதிலெல்லாம் தலையிட மாட்டான். நல்ல குணம். முன்பு மில்லில் வேலை பார்த்தான். சூப்பர்வைசர் மரியாதை இல்லாமல் பேசினான் என்று விட்டுவிட்டான். இப்போது பிசினஸ் பண்ணப் போகிறான். என்ன பிசினஸ் என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். யோசிக்கக் கட்டில்தான் தோது என்பதால் பெரும்பாலும் அங்கேதான் இருப்பான். “எங்கம்மா ஆட்டத்தான சொல்லுதாவ,” என்பான் என்னிடம். பாவம், பெற்ற தாயை விட்டுக்கொடுக்க மனசு வராது.

ஆகக் கடைசியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ராஜபாளையத்தில் ஒரு வீடு பார்த்து, புது வருட ஆராதனை முடிந்த கையோடு நானும் அலெக்ஸும் தனிக்குடித்தனம் போய்விடுவது. என் ஆபீஸும் அங்கேதான். அலெக்ஸும், “நீ சொன்னாச் சரிதான்,” என்றான். ஒரே ஒரு முள்தான் குத்தியது. விதவை மாமியாரைத் தனியே விட்டுவிட்டு மகனைப் பிரித்துக்கொண்டு போனாள் என்று சர்ச் முழுக்க என்னைப் பேசும். அவள் என்னை என்ன பாடு படுத்தினாள் என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறதா? ஓர் ஆடுதான் இருக்கிறது. அது வாய் திறக்காது.

சாட்சி என் ஆபீஸிலேயே இருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் குடோனுக்கு மாடியில் எங்கள் ஆபீஸ். கம்ப்யூட்டருக்குத் தமிழ்ப் பேச்சு புரிய வைப்பது வேலை. திரையில் ஒரு பேச்சு வரும். யார் பேசுகிறார், யாரிடம், என்ன மனநிலை என்று மிஷின் முதலில் ஊகம் சொல்லும். நாங்கள் அதைத் திருத்த வேண்டும். திருத்தத் திருத்த அது கற்றுக்கொள்ளும். வீட்டில் பேசுகிற நிஜப் பேச்சு வேண்டும் என்று ஒரு நாள் எங்கள் சூப்பர்வைசர் பென்சன் கேட்டார். நான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். ஊரில் யாரிடம் சொன்னாலும், ‘ஆட்டத்தானே சொன்னாவ’ என்கிறார்கள். கம்ப்யூட்டரே ‘மருமகளைத்தான் திட்டுகிறாள்’ என்று சொல்லிவிட்டால்? அதை அலெக்ஸிடமும் காட்டலாம், பாஸ்டரிடமும் காட்டலாம்.

வீட்டில் எல்லோரிடமும் சம்மதம் வாங்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அலெக்ஸ் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினான். அத்தை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டிடம் சொன்னாள்.

“ஏட்டி செவலை, நம்ம பேச்சக் கேக்கதுக்கும் உலகத்துல ஆள் இருக்காம். இனியாவது நல்லபடியாக் கத்து.”

ஆபீஸ் கொடுத்த போனைச் சமையலறைச் சன்னலில் சாய்த்து வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போட்டுவிட்டு, படுக்கப் போகும்போது அணைத்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலிலும் ஓடும். முதல் ஞாயிறு விழுந்த ‘தின்னதும் படுத்துக்கிடுதியே’ திட்டை மறுநாள் ஏற்றி, மிஷின் என்ன சொல்கிறது என்று ஆசையோடு பார்த்தேன்.

‘பேசுபவர்: ஆடு வளர்ப்பவர். கேட்பவர்: ஆடு. மனநிலை: அக்கறை. பொருள்: ஆடு தீவனம் தின்ற பின் படுத்துக்கொள்கிறது. நோய் அறிகுறியாக இருக்கலாம்.’

எனக்கு வந்த கோபத்துக்குக் கீபோர்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன். “சார், இந்த மிஷினுக்கு மண்டையில ஏதாவது இருக்கா? இல்ல, கீழ இருந்து பஞ்சை எடுத்து அடைச்சு வச்சிருக்கியளா?” என்று கேட்டேன்.

பென்சன் சிரித்தார். “அதுக்கு அர்த்தம்லாம் தெரியாதும்மா. ஒவ்வொரு வார்த்தையையும் நம்பரா மாத்தி வச்சிருக்கும். எந்த வார்த்தை எதுகூடப் புழங்குதுன்னு பாத்துப் பாத்து, கூடிப் புழங்குறத எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிடும். நம்ம சர்ச்சுல யாரு பக்கத்துல யாரு உக்காருதாவன்னு பாத்தாலே, யாருக்கு யாரு சேக்காளி, யாருக்கு யாரு ஆகாதுன்னு வெளியூர்க்காரனும் சொல்லிருவாம்லா? அம்புட்டுத்தான் அதோட அறிவு. ஆடு, தீவனம், அசைன்னு வந்தா, அது மாட்டாஸ்பத்திரிப் பக்கந்தான் போவும்.”

“அப்ப நான் சரியான பெஞ்சுல கொண்டுபோய் உக்கார வைக்கேன்,” என்றேன்.

உட்கார வைத்தேன். அத்தை ஆட்டிடம் பேசிய ஒவ்வொன்றுக்கும், ‘கேட்பவர்: மருமகள். மனநிலை: ஏளனம்’ என்று திருத்தினேன். என்னோடு வேலை பார்க்கும் பொன்மணி எட்டிப் பார்த்து, “எக்கா, இன்னைக்கு உங்க அத்தை என்ன சொன்னாவ?” என்று டீ நேரத்தில் கேட்கும் அளவுக்கு என் வீட்டுக் கதை ஆபீஸில் நாறியது. நாறட்டும் என்று விட்டுவிட்டேன். சாட்சி கூடக் கூட நல்லதுதானே.

ஒரு நாள் பென்சன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

“அக்சா, சுந்தரபாண்டியத்துல ஒரு ஆளு தன் ஆட்டுக்குத் தண்ணி காட்டுறப்போ, ‘இந்தா, குடிச்சுத் தொலை’ன்னு சொல்லியிருக்காரு. மிஷின் என்ன சொல்லுது தெரியுமா? கேட்பவர் மருமகள், மனநிலை ஏளனம்னு சொல்லுது. அந்த ஆளுக்கு இன்னும் கல்யாணமே ஆகல.”

பொன்மணி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் என்னவோ பெருமையாகத்தான் இருந்தது.

“ஒத்த வரிய மட்டும் காட்டுனா அது இப்படித்தான் உளறும்,” என்றார் பென்சன். “பேச்சுக்கு முன்னாடி பின்னாடி என்ன நடந்துச்சு, யாரு வந்தா, யாரு போனா, எல்லாத்தையும் சேத்துக் காட்டணும். இனி நாள் முழுக்க ரெக்கார்டு ஓடட்டும். நீ ஒருத்தியே குறிக்கவும் வேண்டாம். பொன்மணியும் தனியாக் குறிக்கட்டும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, மாறுபட்ட ஆளு முழு ரெக்கார்டையும் கேட்டுட்டுத்தான் பேசணும்.”

நல்லதாப் போச்சு என்று நினைத்தேன். பொன்மணியும் சொன்னால் சாட்சி ரெண்டாகிவிடும். அன்று முதல் நான் பஸ் ஏறிப் போன பிறகும் போன் சன்னலில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எதையும் கேட்கவில்லை; திரையில் ‘செவலை’ என்று கண்ட வரிக்கெல்லாம் பழையபடி ‘மருமகள்’ என்றே போட்டேன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. என் திரையில், நான் ‘மருமகள்’ என்று குறித்த இடங்களில் எல்லாம் சிவப்புக் கோடு. மிஷின் சொன்னது: ‘கேட்பவர்: மகன்.’ பொன்மணி குறித்திருந்ததும் அதேதான்.

நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினேன். “ஏட்டி பொன்மணி, என் மாமியாளப் பத்தி எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?”

“உங்களுக்குத்தான்க்கா தெரியும்,” என்றாள் அவள், கொஞ்சம் பயந்துபோய். “எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெக்கார்டுல கேட்டதத்தான் குறிச்சேன். வீட்டுல அண்ணன் சத்தம் கேக்கும்போதெல்லாம் ஆட்டுக்குத் திட்டு விழுது. அவிய வண்டி வெளிய போயிட்டா, ஆடு தங்கமாயிருது.”

“நான் இருக்கும்போதுதான திட்டு விழும்?”

“நீங்க இங்க வந்து உக்காந்திருக்கும்போதும் விழுதேக்கா.”

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த நாளை முதலிலிருந்து கேட்டேன். நான் கேட்டைச் சாத்திவிட்டுப் போகிற சத்தம். அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. அத்தை பாத்திரம் விளக்கிக்கொண்டே ஒரு கீர்த்தனையை முனகினாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. பிறகு கட்டில் கிரீச்சிட்டது. “யம்மா, காப்பி,” என்றான் அலெக்ஸ். கீர்த்தனை நின்றது.

“ஏட்டி செவலை, பொழுது உச்சிக்கு வந்துட்டு. இப்பந்தான் உனக்கு விடியுதாக்கும். ஒருத்தி காலையில தின்னும் தின்னாம பஸ்ஸப் புடிச்சு ஓடுதா. நீ கெடந்து அசை போடு.”

பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறவள் நான். பாடுபடுகிற அந்த ஒருத்தி நான். சாடைப் பேச்சுக்குக் கேட்கிற காது வேண்டும். நான் ராஜபாளையத்தில் இருக்கும்போது அந்த வீட்டில் ஒரு ஜோடிக் காதுதான் உண்டு. இத்தனை வருடமும் அவன் கட்டிலில் கிடக்க, நான் சமையலறையில் நின்றுகொண்டு அவனுக்கு வந்த திட்டை எல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கி வாங்கியிருக்கிறேன். மருமகள் என்றால் திட்டு எனக்குத்தான் என்று எந்த மடச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்தாளோ தெரியவில்லை. நானேதான்.

வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வீட்டில் அத்தையும் ஆடும் மட்டும்தான்.

“இந்தா தாயி, வேப்பங்கொழை தின்னு,” என்றாள் அத்தை செவலையிடம், மெதுவாக. “பஸ்ஸுல நின்னுட்டே போவா போல. ராத்திரி காலப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, பாத்தியா? இன்னைக்கு மீன்காரி வந்தா ரெண்டு துண்டு வாங்கணும். அவளுக்குன்னா புடிக்கும்.”

அந்த வரிக்கு மிஷின், ‘கேட்பவர்: ஆடு. மனநிலை: அக்கறை’ என்று போட்டிருந்தது. நான் அதைத் திருத்தவில்லை. பென்சன் பார்க்காதபடி திரும்பி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். அவமானமாக இருந்தது. அலெக்ஸை நினைத்தால் பற்றிக்கொண்டும் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அலெக்ஸ் உள்ளே கட்டிலில் யோசித்துக்கொண்டிருந்தான். அத்தை கொல்லையில் செவலைக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே போய் அவள் முன்னால் நின்றேன்.

“அத்தை, இம்புட்டு நாளும் யாரச் சொன்னிய?”

அவள் ஆட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “உன்னையச் சொல்லணும்னா உன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிருப்பேனே. எனக்கு உங்கிட்ட என்ன பயம்?”

“அப்ப அவியகிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்லா?”

“பெத்தவ நேராச் சொன்னாக் கோவிச்சுக்கிட்டுச் சோறு திங்க மாட்டான். அவன் திங்கலைன்னா எனக்குத் தொண்டையில இறங்காது. அதான் ஆடு.” குழையை இழுத்துக் கட்டினாள். “நீ ஏன்ட்டி பாத்திரத்தப் போட்டு அந்த உடை உடைச்ச? நீயும் அவனத்தான் சொல்லுதன்னு நான் நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டையும் அடக்கியதில் விக்கல்தான் வந்தது. அத்தை தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

“ராஜபாளையத்துல வீடு பாக்கியாமே. சர்ச்சுல சொன்னாவ.”

பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. “ஆமா அத்தை.”

“எத்தனை ரூமு?”

“ஒண்ணு. எனக்கும் அவியளுக்கும்.”

அத்தை கையில் ஒட்டியிருந்த இலையைத் தட்டிவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தாமல், உள்ளே நன்றாகக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

“ஒண்ணே போதும். நாம ரெண்டு பொம்பளைதான? காலையில உனக்குச் சோறு கட்டித் தர ஒரு ஆளு வேணும். எனக்கும் அங்க பேண்டேஜ் மடிக்கிற வேல கிடைக்கும். நீ தின்னுட்டு ஆர அமரப் போவலாம். நாம பொறப்பட்ட பொறவு செவலைக்குத் தண்ணி காட்டுறதும் கொழை ஒடிக்கிறதும் இங்க உள்ளவுக பாடு.”

கட்டில் கிரீச்சிட்டது. அலெக்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு கொல்லை வாசலுக்கு வந்தான். அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான்.

“யம்மா, ஆட்டுக்கிட்டயா பேசிக்கிட்டு இருக்க?”

“இல்லலே,” என்றாள் அத்தை. “உன்கிட்டத்தான்.”