தண்ணீர் படாத இடம்

தாராவி வீட்டின் ஒற்றை அறையில், குளிக்கும் மூலையான மோரியை ஒட்டிப் போட்டிருந்த பலகையில் உயிரில்லாமல் கிடந்த உம்மாவின் காதிலிருந்து கம்மலைக் கழற்றிக்கொண்டிருந்தாள் அஸ்ரின். மையத்தைக் குளிப்பாட்ட வந்திருந்த லாத்தா குனிந்து பார்த்தாள்.

"இது என்ன ஒட்டியிருக்கு? எடுத்துரும்மா. தண்ணி படாத எடம் இருக்கக் கூடாது."

காது மடலின் உள்வளைவில் தோல் நிறத்தில் குட்டிக் குட்டிப் பிளாஸ்திரிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகளவு ஊசி. இது செம்பூர் டாக்டரின் வேலை.

உம்மா ஷமீமாவின் சர்க்கரைக்கு வீட்டில் இரண்டு கட்சி. அஸ்ரின், மான்குர்த் ஹீலர் கட்சி. அவர் அக்குபங்சர்காரர்தான், ஆனால் ஊசியையே எடுக்க மாட்டார். நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியில் விரலை வைப்பார். உடம்புக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியும், மருந்துதான் கெடுக்கிறது என்பார். வருஷக்கணக்காகப் படுத்திய தலைவலி அந்த விரலில்தான் அஸ்ரினை விட்டுப் போனது. நம்பாமல் என்ன செய்வாள்? அண்ணன் தௌசீப்பின் மனைவி ரோஷன், செம்பூர்க் கட்சி. அந்த டாக்டர் உடம்பெல்லாம் ஊசி குத்தி, அதில் கரண்டும் விடுவார். ஆனால் ஊசி கால் எரிச்சலுக்கு மட்டும்தான், இன்சுலினை விடவே கூடாது என்று கண்டித்துச் சொல்வார்.

மல்லுக்கட்டி, இன்சுலினை நிறுத்த வைத்து ஜெயித்தது அஸ்ரின்தான். உம்மா ஓயாமல் வாந்தியெடுத்தபோதுகூட, கழிவு வெளியேறுகிறது என்று ஹீலர் சொன்னதையே திருப்பிச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்களை வாசலில் மறித்தாள். பாவி, மறித்தாள்.

இப்போது ஒரு நப்பாசை முளைத்தது. திருட்டுத்தனமாகச் செம்பூர் போன உம்மா இன்சுலினும் போட்டிருப்பாள். அப்படியானால் இந்தச் சாவு தன் தலையில் விடியாது.

"மதினி, உம்மாவ நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க?"

வாளியில் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்த ரோஷன் நிமிரவில்லை. "கால் எரிச்சல் தாங்கலன்னு அழுதாவ. அஸ்ரின்ட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படுவான்னாவ."

"அப்போ இன்சுலினும் போட்டுக்கிட்டாவளா?"

ரோஷன் லோட்டாவைக் கீழே வைத்தாள்.

"நானும் டாக்டரும் எவ்வளவோ சொல்லிப் பாத்தோம். கேக்கல. எம்புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேன், அத மட்டும் மீற மாட்டேன்னுட்டாவ."

வெளியே தௌசீப் யாரிடமோ நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணீர் ஆறிவிடும் என்றாள் லாத்தா. அஸ்ரின் நகத்தால் ஒரு பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பி இழுத்தாள். தோலும் கூடவே இழுபட, சட்டென்று கையை எடுத்துக்கொண்டு உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.