சகனுக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு

காயல்பட்டினத்து வீடுகளைப் பார்த்திராதவர்கள் ஒரு ரயில்பெட்டியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தெருப்பக்கம் முன்கட்டு, அது ஆண்களும் விருந்தாளிகளும் உட்காரும் இடம். அடுத்து நடுக்கட்டு. அதற்கும் பின்னால் அடுப்படியும், அதை ஒட்டி ஒரு சின்ன அறையும். ருகையாவின் வீடும் அப்படித்தான். இன்டர்நெட் வயர் தெருவிலிருந்து வருவதால் ரவுட்டர் முன்கட்டுச் சுவரில் தொங்கியது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு வந்து சேரும்போது வைஃபைக்கு உயிரே இருக்காது.

இத்தனை நாள் அதைப் பற்றி ருகையா கவலைப்பட்டதில்லை. இப்போது பட்டாள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில், வீட்டிலிருந்தே சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பி.காம் முடித்த கையோடு கல்யாணம், பிறகு பிள்ளைகள் என்று ஓடிப்போன வருஷங்களுக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். லைன் நடுவில் அறுந்தால் மறுவாய்ப்பு கிடையாது என்று மெயிலிலேயே சொல்லிவிட்டார்கள். லைனைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலையை எப்படிக் கொடுப்பார்கள்?

அதே சனிக்கிழமைதான் பக்கத்து வீட்டில் ஜஹ்ரா லாத்தாவின் மகள் ஆமிராவுக்கு நிக்காஹ். லாத்தா என்றால் அக்கா; ஜஹ்ரா ருகையாவின் கூடப்பிறந்தவள். ஆண்களுக்கு ருகையாவின் முன்கட்டில் விருந்து என்று எப்போதோ பேசி முடிவான விஷயம். முன்கட்டு முழுக்க மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் இருப்பார்கள். மொட்டை மாடியில் பந்தல்காரர்கள். ருகையாவுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பின்னறைதான்.

சவூதியில், தம்மாமில் இருக்கும் அவள் புருஷன் ஹாமிதுக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

“பழைய ரவுட்டர் ஒண்ணு அலமாரியில கெடக்குல்லா? அதை எடு. ரெண்டையும் வயர் இல்லாமலே கோத்துரலாம்.”

“கோத்துரலாம்னா? அதென்ன மச்சான், பூவா?”

“பூவைவிட லேசு. நான் சொல்லச் சொல்லச் செய்யி.”

ஹாமிது போனில் சொல்ல, ருகையா மடிக்கணினியில் செய்தாள். இரண்டு ரவுட்டருக்கும் உள்ளே ஒரே முகவரி இருந்தது. ஒரே வீட்டில் ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் கூப்பிடும்போது யார் திரும்புவார்கள்? அதனால் பழையதற்கு முகவரியின் கடைசி எண்ணை மாற்றினாள். வீட்டிலுள்ள போன்களுக்கெல்லாம் எண் கொடுக்கும் அதிகாரத்தைப் பழையதிடமிருந்து பிடுங்கி, புதியது மட்டும் கொடுக்கட்டும் என்று விட்டாள். இரண்டையும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், நிறுத்தினாள். இரண்டையும் இணைக்கும் பிரிட்ஜ் என்ற இடத்தில் டிக் போட்டு, முன்கட்டு ரவுட்டரின் பெயரைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டைக் கொடுத்தாள். பழைய ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

“பாத்தியா, நான் சொல்லல” என்றான் ஹாமிது.

பின்னறைக்குக் கொண்டுபோய் வைத்ததும் பச்சை அணைந்தது.

திரும்பவும் முதலிலிருந்து செய்தார்கள். முன்கட்டில் எரிந்தது, பின்னறையில் அணைந்தது. ரவுட்டரே கோளாறு என்றான் ஹாமிது. ருகையா அதைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். முன்கட்டு ரவுட்டர் பேசுவது பின்னறைக்குக் கேட்காது என்பதுதானே பிரச்சினை? கேட்காத இடத்திலேயே இதையும் கொண்டுபோய் வைத்தால் இதற்கு மட்டும் எப்படிக் கேட்கும்?

“மச்சான், இதை நடுவுலல்லா வைக்கணும். அங்கன இருந்து கேக்கவும் செய்யணும், இங்கன சொல்லவும் செய்யணும்.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றான் ஹாமிது.

நடுக்கட்டில், முன்கட்டுக்குப் போகும் வாசலுக்கு நேரே ஒரு மர அலமாரி இருந்தது. அதன் மேல்தட்டில் வைத்தாள். பச்சை எரிந்தது. பின்னறையில் உட்கார்ந்து தம்மாமுக்கு வீடியோ போட்டால், ஹாமிதின் தாடியில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்குகூடத் தெரிந்தது. அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் பச்சை விளக்கு இல்லை.

ருகையா ரவுட்டரை அணைத்துப் போட்டாள், பாஸ்வேர்டைத் திரும்பக் கொடுத்தாள். ஹாமிதைப் பிடிக்கலாமென்றால் அவள் போனுக்கும் அந்த வைஃபைதான்; அந்தச் சுவர்களுக்குள் டவர் சிக்னலும் எட்டாது. நடுக்கட்டு முழுக்கப் பெண்களும் பாத்திரங்களும். யாரைத் தாண்டி எங்கே போக?

அந்த நேரத்தில் ஜஹ்ரா லாத்தா இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவு வழியாக வந்தாள். “ஏளா ருகையா, கல்யாண வீட்டுல ஒருத்தி கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழுதா நல்லாவா இருக்கு? ஒரு துணியை எடு. சகன்ல ஒரே தூசி.”

சகன் என்பது நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அகலமான தட்டு. விருந்துக்கான சகன்களை விடியலில், விருந்துப் பாத்திரங்கள் வைத்திருக்கும் ஊர்ச் சங்கத்திலிருந்து கொண்டுவந்து, முன்கட்டு வாசலில் ஒரு மேசை போட்டு, பெண்களுக்காகத் தொங்கவிட்ட திரைக்கு இந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அங்கே இருந்தால்தான் சோற்றைப் போட்டுத் திரைக்கு வெளியே ஆண்களின் கையில் நீட்ட முடியும்.

பெண்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துத் துடைக்க உட்கார்ந்தார்கள். அடுக்கு இறங்க இறங்க, அலமாரி மேல் பச்சை மினுக்கியது. துடைத்ததைத் திரும்ப அடுக்கினார்கள். பச்சை போய்விட்டது.

ருகையா அடுக்கையும் பார்த்தாள், அலமாரியையும் பார்த்தாள். சிக்னல் வரும் ஒரே வழி அந்த வாசல். அதில் தகரத்தால் மதில் கட்டிவிட்டார்கள்.

“லாத்தா, இந்தச் சகன் அடுக்குதான் லைனை மறிக்கி. எல்லாத்தையும் கொஞ்ச நேரம் கீழே எறக்கி வைக்கணும்.”

“சோறு திங்கிற சகனைக் கால் படுற எடத்துலயா? நல்லாருக்குளா ஒன் படிப்பு.”

“அப்போ வேற எங்கயாவது.”

“எங்கன? ஒன் தலையிலயா? அடுப்படியில நெய்ச்சோத்துச் சட்டி, அந்தப் பக்கம் களறிக்கறி அண்டா.”

ருகையாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜஹ்ரா லாத்தா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பேச்சில் முள் அதிகம் என்றாலும் அவள் மனசு வெண்ணெய்தான். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“எல்லாரும் வாங்கோ. சகன் சரியாத் துடைபடல. ஆளுக்கு ரெண்டு மடியில வச்சுக்கோங்க. நான் சொல்லுத வரைக்கும் யாரும் எந்திரிக்கப்படாது.”

“இப்பத்தான துடைச்சோம்” என்றாள் மசாலா அரைக்க வந்திருந்த செல்லக்கனி.

“என் மகள் கல்யாணத்துச் சகன். மொகம் தெரியணும்.”

பின்னறையில் ருகையா முக்காட்டைச் சரிசெய்து உட்கார்ந்தாள். மடிக்கணினித் திரையில் ஏஜென்சியின் ஜீவமணி மேடம் வந்தார். படம் தெளிவாக இருந்தது. ஒரு சரக்குச் சீட்டைக் காட்டி என்ன தப்பு என்று கேட்டார். பெட்டியோடு சேர்ந்த எடை இருக்க வேண்டிய கட்டத்தில் சரக்கின் எடை மட்டும் இருந்தது. ருகையா அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். மேடத்தின் முகம் அப்படியே உறைந்துவிட்டது.

ருகையா கதவு வழியே எட்டிப் பார்த்தாள். செல்லக்கனி எழுந்து நின்று, சகனை முகத்துக்கு நேரே பிடித்து வாசலில் விசிறிக்கொண்டிருந்தாள்.

“உக்காருளா” என்று பல்லைக் கடித்தாள் ஜஹ்ரா லாத்தா. செல்லக்கனி உட்கார்ந்தாள். உறைந்திருந்த மேடம் கண் சிமிட்டினார்.

ருகையா பதிலைச் சொல்லி முடித்தாள். ஜீவமணி மேடம் தலையாட்டினார். “சரி. பின்னால ஒரே டணடணன்னு கேக்குதே, என்னது?”

பொய் சொல்ல நேரமில்லை. ருகையா உள்ளதைச் சொன்னாள். ரவுட்டர், சகன், வாசல், மடியில் சகனோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள், எல்லாவற்றையும். மேடத்தின் முகம் அசையவில்லை. மறுபடியும் லைன் போய்விட்டதோ என்று ருகையா பயந்தாள். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

“அவங்களைப் போதும்னு சொல்லுங்க, கை வலிக்கப் போவுது. சாயங்காலத்துக்குள்ள தகவல் அனுப்புறோம்.”

சகன்கள் மேசைக்குத் திரும்பின. விருந்து நடந்தது. போன சகன்கள் காலியாக வந்தன, கழுவப்பட்டன, அதே வாசலில் மதிலாக ஏறின. ருகையா நெய்க் கையோடு அந்தப் பக்கமாய்ப் போகும்போதெல்லாம் அலமாரி மேல் பார்த்தாள். பச்சை இல்லை.

“லாத்தா, சகனை எப்போ எடுத்துட்டுப் போவாங்க?”

“விருந்தாளியை விரட்டுத மாதிரி சகனை விரட்டுதியே.”

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சங்கத்து வண்டி வந்தது. அடுக்கு பாதி குறைந்தபோது விளக்கு மினுக்கியது. கடைசிச் சகன் திரையைத் தாண்டியதும் நிலைத்து எரிந்தது. ருகையாவின் போன் வரிசையாக முனகியது. ஹாமிதிடமிருந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஒரு டஜன். அவற்றுக்கு நடுவே ஏஜென்சியின் மெயில். மத்தியானமே வந்து வாசலில் காத்துக் கிடந்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் வேலையில் சேரும்படி எழுதியிருந்தார்கள்.

அவள் போனை நீட்டினாள். ஜஹ்ரா லாத்தா கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் படித்தாள், தங்கையின் தலையில் கை வைத்தாள். பிறகு வாசல் நிலையின் மேல்பக்கத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“பந்தல்காரனைக் கூப்பிடுளா. அங்கன ஒரு ஆணி அடிச்சு, அந்தப் பச்சை வெளக்குப் பொட்டியை ஒசரத்துல மாட்டச் சொல்லு. அடுத்த கல்யாணத்துக்கு என் கை தாங்காது.”