பன்னீர் ரோஜாவுக்குப் பொன்னாடை

காற்றில் உப்பி உப்பித் தணிகிறது அந்தச் சிவப்புத் துணி, ஓரத்தில் சரிகை, அதாவது சரிகை மாதிரி ஒன்று, நான்கு முனையிலும் கொடிக்கயிறு கட்டி மொட்டைமாடியில் ஆளுயரத்துக்கு நிற்கிறது, அதன் கீழே மண்தொட்டியில் பன்னீர் ரோஜா, ரோஜா என்று சொல்வது மரியாதைக்காக, இருப்பது எட்டுக் குச்சி, பதினோரு இலை, பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளியின் மேல் நான், வேலூர் வெயில் துணி வழியாகச் சிவப்பாக வடிந்து என் கைமேல் விழுகிறது, கண்ணை மூடினால் அதே துணி என் தோளில் விழுகிறது, ஆரணியிலோ குடியாத்தத்திலோ ஒரு மேடை, பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறார் என்று மைக் முழங்குகிறது, போர்த்துகிறவர் என்னைப் பார்க்காமல் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார், நானும் போட்டோக்காரரைப் பார்த்தே சிரிக்கிறேன், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பட்டிமன்றம் பேசியே இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன், பீரோவில் ஒரு தட்டு முழுக்கப் பொன்னாடைதான், உடுத்த முடியாது, போர்த்திக்கொண்டு தூங்க முடியாது, ஒருமுறை அதில் தலை துவட்டிப் பார்த்தேன், தலையில் இருந்த தண்ணீர் முதுகுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான், இதையெல்லாம் எதுக்குங்க வெச்சிருக்கீங்க என்று அம்சவேணி கேட்பாள், அது மரியாதை அம்சா என்பேன், மரியாதைய அந்துருண்டை போட்டுத்தான் வைக்கணுமா என்பாள் என் மனைவி.

மாடித் தோட்டம் முழுக்க அவளுடையது, காசித்தும்பை, கனகாம்பரம், செம்பருத்தி, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பன்னீர் ரோஜா, நான் அங்கே போவது வருடத்துக்கு இரண்டு தடவை, மேடையில் பேசும்போது என் வீட்டு மாடியிலே ஒரு நந்தவனமே இருக்கிறது என்று சொல்வதற்கு அது போதும், சித்திரை பிறந்த மறுவாரம் டாக்டர் அவளுடைய ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கட்டி பெரிசாக இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினால்தான் மற்றது தெரியும் என்றார், அந்த மற்றது என்ற சொல்லை நாங்கள் இருவரும் வீட்டில் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலை, கீழே ஆட்டோ நிற்கிறது, பை என் கையில், இவள் விறுவிறுவென்று மாடிக்கு ஏறிவிட்டாள், பின்னாலேயே மூச்சிரைக்க நானும், ரோஜாச் செடியில் மூன்று மொட்டு, கடுகு வெடித்தாற்போல் நுனியில் லேசாக ரோஸ் நிறம், அதைத் தொடாமல் தொட்டுக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் வைத்தபடியே சொல்கிறாள், இதுங்க நல்லபடியா விரிஞ்சுதுன்னா ரிசல்ட்டும் நல்லபடியா வருங்க, பார்த்துக்கோங்க, நம் வாழ்வைத் தீர்மானிப்பது நம்பிக்கையா மூடநம்பிக்கையா என்று நான் எத்தனை ஊரில் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன், இரண்டு அணியிலும் பேசியிருக்கிறேன், வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டு சரி என்றேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள், ஆறு வாரம் படி ஏறக்கூடாது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் திரும்பவே இல்லை, காலையில் ஒரே ஒரு கேள்வி, தண்ணி ஊத்துனீங்களா, ஊத்தினேன், அதில் பொய் இல்லை, எட்டு மணிக்கு எழுந்து, பேப்பர் படித்து, அவளுக்குக் கஞ்சி வைத்து, அது அடிப்பிடித்து, இன்னொரு கஞ்சி வைத்து, மனசாட்சி விழித்துக்கொள்ளும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும், மாடிக்குப் போய்க் கறுப்புத் தண்ணீர் டேங்கின் குழாயைத் திறந்து ஒரு கையில் ஓஸ் பைப், இன்னொரு கையில் குறிப்புத் தாள், ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம், சுற்றுச்சூழலைக் காப்பதில் விஞ்சி நிற்பவர்கள் ஆண்களே, பெண்களே, நான் ஆண்கள் அணி, ஒரு செடியைப் பிள்ளையாய் வளர்ப்பவன் ஆண் என்று நான் காசித்தும்பையைப் பார்த்து முழங்க முழங்க அது தலையைக் கவிழ்த்துக்கொண்டே போகிறது, உணர்ச்சிவசப்படுகிறது என்று நினைத்தேன், மறுநாள் வேகவைத்த கீரையாகக் கிடந்தது, தாகம் போலிருக்கிறது என்று இன்னும் தாராளமாக விட்டேன், மூன்றாம் நாள் கனகாம்பரம் போனது, ஞாயிறன்று ஆண்களும் பெண்களும் இணைந்தே என்று நடுவர் வழக்கம்போல் தீர்ப்புச் சொல்ல, புதுப் பொன்னாடையோடு வந்து மாடிக்கு ஏறிப் பார்க்கிறேன், மூன்று மொட்டும் மூன்று கிராம்பு.

வெறும் செடிதானே, ஆனால் மூன்று கிராம்பையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கீழே படுத்திருப்பவளிடம் எந்த முகத்தோடு போவது, போகவில்லை, பூ மார்க்கெட்டுக்குப் போனேன், ரோஸ் நிறத்தில் ஒன்று வாங்கி, இலையெல்லாம் கிள்ளி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, முதல் மொட்டு விரிஞ்சிடுச்சு அம்சா என்று நீட்டுகிறேன், வாங்கித் தலையணை பக்கத்தில் வைத்துக்கொண்டாள், மறுநாள் இரண்டாவது, அதற்கும் மறுநாள் மூன்றாவது, அதை வாங்கும்போது என்னை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள், மூணும் முடிஞ்சுது, நாளைக்கு எதை வாங்கிட்டு வருவீங்க என்றாள், முள்ளையெல்லாம் மெஷின்ல சீவியிருக்கு, வாசனைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, மொத நாளே தெரியுங்க, எவ்வளவு தூரம் போறீங்கன்னு பார்த்தேன் என்கிறாள், கிராம்பு கதையைச் சொன்னேன், அடுக்குமொழி இல்லாமல் நான் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும், கண்ணை மூடிக் கேட்டவள், எத்தனை மணிக்கு ஊத்துனீங்க என்றாள், பதினொன்றரை, டேங்க் தண்ணியா, ஆமாம், அந்தத் தண்ணியில ஒருநாளாவது கைய வெச்சுப் பார்த்தீங்களா, இல்லை, யோசித்துப் பார்த்தாள், நீங்க தண்ணி ஊத்தலைங்க, செடிய வேக வெச்சு வடிச்சிருக்கீங்க என்றாள், சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, தலையணையை எடுத்து வயிற்றில் அழுத்திக்கொண்டு, ஐயோ சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது, என்று சிரித்தவள் அப்படியே அடங்கிப்போனாள், அப்போ மொட்டு போச்சு என்றாள் சின்னக் குரலில், நான் எதையாவது பேசியிருக்க வேண்டும், பேசத்தானே எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், அவள்தான் பேசினாள், மேல போங்க, தண்டுல நகத்தால லேசாக் கீறிப் பாருங்க, உள்ள பச்சை இருந்தா உசுரு இருக்கு, காஞ்சிருந்தா இல்ல, இருக்கிறத வந்து சொல்லுங்க, எனக்குப் பொய்யெல்லாம் வேணாம், அன்று நான் ஏறிய இருபத்தாறு படியை இப்போதும் தூக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கிறேன், படி தீர்வதேயில்லை, மேலே போனால் குச்சி, குனிந்து கீறுகிறேன், பழுப்பு, இன்னும் கீழே, பழுப்பு, மண்ணுக்கு நாலு விரல் உயரத்தில், நகத்துக்குக் கீழே, ஈரமாக, ஒரு நூல் அளவு, பச்சை அம்சா, பச்சை, என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தேன், நடுவர் தீர்ப்புக்குக்கூட நான் அப்படிக் கத்தியதில்லை.

பிறகு கட்டளைகள், சத்துணவுக் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகளை வரிசையில் உட்காரவைக்கிறவள், படுக்கையிலிருந்தே என்னையும் உட்காரவைத்தாள், கருகுன நுனிய மட்டும் வெட்டுங்க, சாயங்காலமே தண்ணிய வாளியில பிடிச்சு நிழல்ல வைங்க, விடிகாலையில அதை ஊத்துங்க, இலையில இல்ல, மண்ணுல, வேர்மேல தேங்காய் மட்டைய உரிச்சுப் பரப்புங்க, உச்சி வெயில் படாம மேல ஏதாவது கட்டுங்க, நான் அவளுடைய பழைய புடவை ஒன்றை உருவினேன், அதைத் தொட்டீங்கன்னா தெரியும், உங்க மரியாதைதான் ஒரு தட்டு நிறையக் கிடக்கே, அதை எடுத்துக் கட்டுங்க, மரியாதையையா, ஆமா, இத்தனை வருஷமா உங்க தோள்ல கிடந்தும் யாருக்கு என்ன பிரயோஜனம், பாவம் அதுக்கும் ஒரு வேலை குடுங்க, உயரமாக் கட்டுங்க, காத்து போகணும், இல்லேன்னா மறுபடி வேக வெச்சிடுவீங்க, ஒன்பது பொன்னாடை ஏறியது மாடிக்கு, சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள், தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கட்சி மாநாடு.

பக்கத்து மாடியிலிருந்து முனிரத்தினம் பார்த்துவிட்டார், ஓய்வுபெற்ற தாசில்தார், எங்கள் நகர் நல்வாழ்வுச் சங்கத் தலைவர், பசுமைக் காவலர் என்ற பட்டத்தைச் சங்கத்தின் சார்பில் தனக்குத் தானே வழங்கி, அதை வாங்கிக்கொள்ளும்போது கண்கலங்கியவர், இன்னா சார் இது, அந்தச் செவப்பு நான் போட்டதுதானே, ஆமாங்க என்றேன், ஆண்டு விழாவுல, ஆயிரம் பேருக்கு முன்னால, ஐம்பது பேர்தான் இருந்தோம் என்று நான் சொல்லவில்லை, தலைவர் கையால போத்துன ஆடைய பூந்தொட்டிக்குக் கட்டறதா சார், சங்கத்துக்கே அவமானம் சார், கழட்டுங்க என்கிறார், அவருக்குப் பின்னால் அவருடைய புல்தரை, விழா நடத்தித் திறந்துவைத்த மாடிப் புல்தரை, தென்னந்துடைப்பம் நிறத்தில் கிடக்கிறது, எத்தனை மணிக்குத் தண்ணி விடறீங்க தலைவரே என்று கேட்டேன், பதினோரு மணிக்கு சார், டாண்ணு, நான் மறந்தாலும் அலாரம் மறக்காது, டேங்க் தண்ணியா என்றேன், என் குரலில் அம்சவேணி பேசியது எனக்கே கேட்டது, குழாயைத் திறந்து கையை நீட்டியவர் சுரீரென்று இழுத்துக்கொண்டு, ஐயையோ, காப்பி போடலாம் போல கீதே சார் என்றார், நாலு நாள் ஆளைக் காணோம், ஐந்தாம் நாள் விடிகாலை நான் தண்ணீர் ஊற்றும்போது சுவரோரம் வந்து நிற்கிறார், சார், அந்தக் கயிறு எப்படிக் கட்டினீங்க, எங்கிட்ட ஒரு அறுபது கீது, வெளிய சொல்லாதீங்க.

கத்திரி வெயில் நூற்றெட்டு டிகிரிக்குப் போனது, மதியத்தில் தார்ரோடு ஒட்டுகிறது, காக்கை வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கிறது, நான் வாளிமேல் உட்கார்ந்து கண்ணயர்கிறேன், மேடையில் எட்டுக் குச்சி வரிசையாக அமர்ந்திருக்கின்றன, தலைமை ஏற்றிருக்கும் பன்னீர் ரோஜா அவர்களே என்று தொடங்குகிறேன், தண்ணி எங்கேயா என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்கிறார்கள், விழித்துக்கொள்கிறேன், சோதனை முடிவு வரவில்லை, இன்னொரு இடத்துக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள், அம்சவேணி ரோஜாவைத் தவிர எதையும் கேட்பதில்லை, பதினோரு இலை, பதினான்கு இலை, கணுவில் தீக்குச்சித் தலைபோல் சிவப்பாக ஒரு துளிர், ஐந்தாம் வாரம் ஒரு மொட்டு, ஒன்றே ஒன்று, இறுக்கமாக, பச்சையாக, சொன்னேன், அவள் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து போன், ஓடினேன், டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு, சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னேன், மல்லாந்து படுத்தாள், கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது, மொட்டு விரிஞ்சுதா என்றாள், இன்னும் இல்லை என்றேன், பாருங்களேன், அது விரியறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு, மூக்கை உறிஞ்சினாள், பாவம் அந்தச் செடி, அதுமேல எவ்வளவு பாரத்தைத் தூக்கி வெச்சுட்டேன், இனிமே எனக்காக ஒண்ணும் பூக்க வேணாம், அதுக்குத் தோணினா பூக்கட்டும்.

அதற்குத் தோன்றியது, ஆறு வாரம் முடிந்த காலை, இருபத்தாறு படி, ஐந்து படிக்கு ஒருமுறை நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள், விடுங்க, நானே வரேன் என்கிறாள், விடாமல் பிடித்துக்கொண்டும் இருக்கிறாள், பக்கத்து மாடியில் அறுபது பொன்னாடை பறக்கிறது, அதன் அடியில் கைலியோடு பசுமைக் காவலர், எங்களைப் பார்த்ததும் குனிந்துகொள்கிறார், இங்கே சிவப்புத் துணி வெளுத்து வெளுத்து ஆறிப்போன டீ நிறத்துக்கு வந்துவிட்டது, சரிகை என்றிருந்தது உதிர்ந்து நூல் தொங்குகிறது, அது காற்றில் உப்பி மேலே எழும்ப, கீழே ஒரு பூ, அவள் வளர்த்ததில் பாதி அளவுகூட இருக்காது, வெளி இதழ் ஒன்றில் கருகல், ஆனால் மூன்றடி தள்ளியே வாசனை வந்துவிட்டது, அவள் குனியாமல், குனியக்கூடாது, தொட்டி பக்கத்தில் நின்று மூச்சை மட்டும் இழுத்தாள், பறிக்கட்டுமா என்றேன், கைய வெச்சீங்கன்னா பாருங்க என்றாள், பிறகு எட்டி ஒரு முனைக் கயிற்றை அவிழ்த்தாள், நான் மீதி மூன்றையும் அவிழ்க்கிறேன், விடிகாலைதானே, வெயில் ஏற இன்னும் நேரமிருக்கிறது, அந்தக் கிழிசலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தாள், அடுத்ததாக, காசித்தும்பைய அவிச்சு, கனகாம்பரத்தைக் கொன்னு, மூணு ரோஜாவ கடையில வாங்கி, கடைசியில ஒரே ஒரு பூவைக் காப்பாத்திய நம்ம ஐயா அவர்களுக்கு, சிரிப்பில் மீதி வரவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை இப்போது, துணி என் தோளில் விழுகிறது, மேடையில் விழுந்ததெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும், இது வெயிலில் வெந்து வெந்து பருத்தி மாதிரி ஆகியிருக்கிறது, மண்வாசனையும் ரோஜா வாசனையும் அடிக்கிறது, போட்டோ எடுக்க யாருமில்லை, அவள் என்னையே பார்த்துச் சிரிக்கிறாள், ஏற்புரை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், போதும், வெயில் ஏறுது, திருப்பிக் கட்டுங்க என்றாள்.