நுவாஜுக்கு எண்ணெய்க் குளியல்

சாரம் பகுதியில் மாடி வீட்டில் குடியிருந்த ஏலிஸ், தங்கை கல்யாணத்துக்காக பிரான்ஸ் கிளம்பும்போது தன் இரண்டு கினி பிக்குகளையும் கீழ்வீட்டு சிவசங்கரியிடம் விட்டுப் போனாள். முயலில் பாதி அளவு, வால் கிடையாது, பசித்தால் ‘வீக் வீக்’ என்று விசிலடிக்கும். பழுப்பு நிறத்துக்குப் பெயர் பிரியோஷ். வெள்ளைக்குப் பெயர் நுவாஜ். பிரெஞ்சில் மேகம் என்று அர்த்தமாம்.

“புல்லு, கொத்தமல்லி, தண்ணி. அவ்ளோதான் அக்கா. குளிப்பாட்ட மட்டும் கூடாது. அதுங்களே நக்கி சுத்தம் பண்ணிக்கும். நனைஞ்சு குளிர் ஏறிட்டா உசுருக்கே ஆபத்து.”

சிவசங்கரி தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற அவள் கணவர் எழிலரசன் முகத்தைச் சுளித்தார். வீடுகளுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி கழுவித் தருவது அவர் தொழில். தினமும் இரண்டு வேளை குளிப்பார். மழை நாளில் சேறு பட்டது என்று சொல்லி மூன்றாவதும் உண்டு.

“குளிக்காத உசுரு ஒண்ணு இருக்குமா? எங்கன்னா கேட்டிருக்கியா?” என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

அந்த வாரம் மழை விடவில்லை. கூண்டிலிருந்து வாடை வந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா, நாறுது!”

சிவசங்கரி கூண்டுக்குள் ஈரமாகிக் கிடந்த புல்லை அள்ளிக் கொட்டிவிட்டு, காய்ந்த புல்லைப் பரப்பினாள். வாடை போய்விட்டது.

“நாறுனது புல்லு. அதுங்க இல்ல.”

எழிலரசன் கூண்டருகே குனிந்து இன்னொரு முறை மோந்து பார்த்தார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

தீபாவளியன்று காலையில் சிவசங்கரி முதலில் குளிக்கப் போனாள். காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெய் ஒரு அகலக் கிண்ணத்தில் கூடத்தில் இருந்தது. எழிலரசன் தன் தலையில் அரக்கித் தேய்த்துக்கொண்டார். கூண்டுக்குள்ளிருந்து நான்கு கண்கள் அவரையே பார்த்தன.

“இன்னாடா பாக்குற? உனக்கும் சாங்கியத்துக்கு ஒரு சொட்டு வெக்கட்டா?”

நுவாஜைத் தூக்கி மடியில் வைத்தார். உச்சியில் ஒரு சொட்டுதான் வைத்தார். எண்ணெய்க் கை பட்டதும் அது துள்ளியது. வழுக்கியது. நேராகக் கிண்ணத்துக்குள் விழுந்தது.

ஈரத்தலையோடு வெளியே ஓடிவந்த சிவசங்கரி கண்டது இதுதான்: தரையெல்லாம் சின்னச் சின்ன எண்ணெய்க் கால் தடம், கட்டிலடியில் குப்புறப் படுத்திருக்கும் கணவர், அவர் பிடிக்கப் பிடிக்க சோப்புக்கட்டி மாதிரி நழுவும் மேகம்.

“ஏங்க, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க!”

“ஒரு சொட்டுதாண்டி வெச்சேன். மீதிய அதுவே வெச்சுக்கிச்சு.”

அவள் துண்டைப் போட்டு நுவாஜை மடக்கிப் பிடித்தாள். அது உடம்பை நக்க ஆரம்பித்ததும் பயந்துபோய், ரெட்டியார்பாளையத்தில் இருந்த கால்நடை மருத்துவர் தேவதாஸுக்கு போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“பொதுவா இதுங்கள குளிப்பாட்டவே வேணாம்மா. இந்த மாதிரி ஏதாவது ஒட்டிக்கிட்டா மட்டும்தான். எண்ணெய்ய நக்கியே உள்ள தள்ளிட்டா வயிறு கெட்டுடும். இன்னைக்கு குளிப்பாட்டித்தான் ஆவணும்.”

“சீயக்கா இருக்கு சார்.”

“அத உங்க வீட்டுக்காரருக்குப் போடுங்க. இதுக்கு ஏத்த ஷாம்பு என்கிட்ட இருக்கு, அவர வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. உடனே.”

எழிலரசன் எண்ணெய் வழிய, பழைய லுங்கியும் பனியனுமாக ஸ்கூட்டரை எடுத்தார். ஹெல்மெட் தலையில் நிற்காமல் மூக்கு வரை வழுக்கிக்கொண்டே இருந்தது. சிக்னலில் புதுத்துணி உடுத்திய ஒரு குடும்பம் பக்கத்தில் வந்து நின்றது. பின்சீட்டு அம்மாள் குனிந்து பார்த்தார்.

“எங்க வீட்டு டேங்க் கழுவ வந்தவருதான நீங்க? தீபாவளியும் அதுவுமா இன்னும் குளிக்கலையா?”

அந்த சிக்னல் அவருக்காகவே சிவப்பில் நின்றது போலிருந்தது.

அவர் திரும்பியதும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சின்ன டப்பில் வெதுவெதுப்பான தண்ணீரை வயிறு நனையும் அளவுக்கு மட்டும் விட்டாள் சிவசங்கரி. தலையில் தண்ணீர் படாமல், உச்சியை மட்டும் ஈரத்துணியால் துடைத்தாள். எழிலரசன் ஒரு கையால் அதன் மார்பைத் தாங்கிக்கொண்டார். அவர் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது.

“இவ்ளோ பயப்படுதா?” என்றார். குரல் இறங்கிவிட்டது. “சீக்கிரம் முடி, சங்கரி.”

துடைக்க மெத்தென்ற துணி வேண்டியிருந்தது. அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சாமி படத்தின் முன்னால் மஞ்சள் தடவி வைத்திருந்த அவருடைய புது ஜிப்பாவை எடுத்தாள்.

“அது என்னுது!”

“தெரியும்.”

அவர் அதை வாங்கி நுவாஜைச் சுற்றினார். மடியில் வைத்துத் தானே ஒற்றி எடுத்தார். தன் குளியலை மறந்து, ரோமம் முழுக்கக் காயும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். மதியம் நெருங்கும்போது நுவாஜ் பஞ்சாகப் பொங்கி, ஜிப்பாக் கழுத்து வழியே தலையை நீட்டியது. அந்த நேரம் பார்த்து ஏலிஸ் வீடியோ காலில் வந்தாள்.

“ஹேப்பி தீபாவளி! ஐயோ, நுவாஜுக்கு டிரெஸ்ஸா?”

“புதுத்துணிம்மா. பண்டிகையாச்சே,” என்றார் எழிலரசன்.

“த்ரோ மின்யோன்! அவ்ளோ அழகு! ஆனா ஏன் இப்பிடி பளபளன்னு இருக்கான்? அண்ணா, உங்க தலையில இன்னா, எண்ணெயா?”

சிவசங்கரி கணவரைப் பார்த்தாள். காப்பாற்றும் உத்தேசம் அவளுக்கு இல்லை. அவர் கிண்ணத்தில் தொடங்கி ஜிப்பா வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஏலிஸ் பிரெஞ்சில் நீளமாக ஏதோ திட்டினாள். அதில் ‘இடியட்’ மாதிரி ஒலித்த ‘இதியோ’ என்ற ஒரு சொல் மட்டும் அவருக்கு நன்றாகவே புரிந்தது.

“டாக்டரக் கேட்டுத்தான செஞ்சீங்க? தும்முறானா? சாப்புடுறானா?”

“தும்மல. கேரட் தின்னான். ரெண்டு நாள் நான் கூடவே இருந்து பாத்துக்கறேம்மா.”

அவள் பெருமூச்சு விட்டாள். கோபம் பாதி இறங்கியிருந்தது. “சரி, பிரியோஷக் காட்டுங்க.”

எழிலரசன் போனைக் கூண்டுப் பக்கம் திருப்பினார். கதவு திறந்து கிடந்தது. காலையில் நுவாஜை எடுத்த யாரோ சாத்த மறந்திருந்தார்கள்.

“நெட்வொர்க் சரியில்லம்மா,” என்று சொல்லி போனைக் கவிழ்த்தார்.

அடுப்படியிலிருந்து சரக் சரக் என்று சத்தம் கேட்டது. இருவரும் ஓடினார்கள். கீழே வைத்திருந்த காய்கறிக் கூடைக்குள், வடைக்காக வாங்கிய கொத்தமல்லிக் கட்டின் கடைசிக் காம்பை மென்றபடி பிரியோஷ் உட்கார்ந்திருந்தது. உடம்பில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

“இவன நான் காட்டிக்கறேன்,” என்று சிவசங்கரி போனை வாங்கி நிமிர்த்தினாள். “நீங்க போயி குளிங்க.”